எனக்குப் பிடிக்காத பதிப்பு விற்காதா? விளையாட்டுக் கடை தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்று மாதங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெருமாள்புரத்தில் என் வீட்டு மாடியில் வாராந்தர ஆட்டம் முடிந்து, பாய்க்கு அடியில் உருண்டுபோன பகடைகளைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தேன். மூன்று இளைஞர்கள் மட்டும் கலையாமல் நின்றார்கள். வண்ணார்பேட்டையில் மேசை விளையாட்டுகளை விற்கவும் வாடகைக்கு விடவும் ஒரு சிறு கடை போடப்போவதாகச் சொல்லி, கொள்முதல் பட்டியலை நீட்டினார்கள்.

கேரம், செஸ், கட்டான், சீட்டுக்கட்டுகள் என்று பட்டியல் பொறுப்பாகத்தான் இருந்தது. கடைசி வரியில், 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிநூல், 2014 பதிப்பு: 15 பிரதிகள்'. அதற்குக் கீழே 2024 பதிப்பு என்று எழுதி, அதன்மேல் ஒரு கோடு இழுத்திருந்தார்கள்.

"புதியதை ஏன் அடித்துவிட்டீர்கள், தம்பி?"

"அது படுத்துவிட்டது அண்ணாச்சி. யாரும் வாங்குவதில்லை."

"யார் சொன்னது?"

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மூத்தவன் சொன்னான்: "நாங்கள் ஆடிப் பார்த்தோம். நன்றாகவே இல்லை."

நான் கேட்டது விற்பனையைப் பற்றி. அவன் சொன்னது ருசியைப் பற்றி. இரண்டுக்கும் நடுவில் உள்ள அந்தச் சிறு இடைவெளியில் எனக்கு 37,400 ரூபாய் போயிருக்கிறது. அந்தப் பையன்கள் அதே இடத்தில் கால் வைப்பதைப் பார்த்தபோது வயிறு கலங்கியது. இதை எழுத அதுவே காரணம்.

இந்த விளையாட்டை அறியாதவர்களுக்கு இரண்டு வரி. நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் இறங்குவார்கள். வாள் வீச்சு பட்டதா தவறியதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய இந்த ஆட்டம் 1974-ல் அமெரிக்காவில் வெளியானது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விதிகளைத் திருத்திப் புதிய பதிப்பு வரும். ஒவ்வொரு பதிப்பு வரும்போதும், "இது ஓடாது" என்று ஒரு கூட்டம் கிளம்பும்.

கணக்கு எழுதாமல் கடை நடத்துவது, கடனுக்குக் கொடுத்துவிட்டுக் கேட்கக் கூச்சப்படுவது, மழைக்காலத்தில் அட்டைப்பெட்டியைத் தரையில் வைப்பது போன்றவற்றைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அவை யாருக்கும் தெரியும். ஒரு பதிப்பு விற்கிறதா இல்லையா என்று கணிப்பதில் வரும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

சத்தத்தை எண்ணுவது

உரக்கப் பேசுகிறவர் பெரும்பாலும் ஏற்கெனவே வாங்கி முடித்தவர். கடைக்குப் பணம் கொண்டுவருகிறவர் இனிமேல் வாங்கப்போகிறவர்.

கேட்டவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, கேட்பாரில்லை என்று எழுதுவது

நான் பணம் இழந்த இடம் இது. நேரம் எடுத்துக்கொண்டே சொல்கிறேன்.

சமாதானபுரத்தில் என்னுடையது ஒரு ஸ்டேஷனரிக் கடை. நோட்டு, பேனா, வரைபடத்தாள் போக, பின்பக்கம் இரண்டு அலமாரிகள் விளையாட்டுகளுக்கு. 2024 செப்டம்பர் 17 அன்று டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் புதிய விதிநூல் வெளியானது. ஒரு பிரதி வரவழைத்து ஒரே இரவில் படித்தேன். எனக்குப் பிடிக்கவில்லை. பத்து ஆண்டுகளாக 2014 பதிப்போடு பழகியவன் நான். என் பிரதியின் 320 பக்கங்களில் எந்த மந்திரம் எந்த மூலையில் இருக்கிறது என்பது விரலுக்கே தெரியும். புதிய நூலில் 384 பக்கங்கள். பாத்திரத்தின் திறன் எண்கள் முன்பு அது பிறந்த இனத்திலிருந்து கூடின. இப்போது அதன் பின்புலத்திலிருந்து கூடுகின்றன. கத்திக்கும் கோடரிக்கும் தனித்தனி வித்தைகள் சேர்ந்திருந்தன. நன்றாக யோசித்துச் செய்த மாற்றங்கள்தாம். ஆனால் எனக்கு என் வீட்டில் யாரோ சாமான்களை இடம்மாற்றி வைத்ததுபோல இருந்தது.

அந்த வாரமே சென்னையில் ஒரு வியாபாரி 2014 பதிப்பின் மீதி இருப்பைக் கழிக்கிறார் என்று தெரியவந்தது. ஒரு பிரதி 2,200 ரூபாய் வீதம் 24 பிரதிகளை வாங்கினேன். என் மனைவி சீட்டு எடுத்து வைத்திருந்த பணம் அது. "புதியது ஓடாது. பழையதைத் தேடி எல்லோரும் இங்கேதான் வரப்போகிறார்கள்" என்று அவளிடம் உறுதியாகச் சொன்னேன். பொய் சொல்லவில்லை, முழுக்க நம்பிச் சொன்னேன்.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நீள நோட்டு உண்டு. தேதி, பெயர், வாங்கிய பொருள் என்று மூன்று பத்திகள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அந்த நோட்டைப் பார்த்தால் 2014 பதிப்பு 7, 2024 பதிப்பு 0. நான் சொன்னது பலித்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. ஏழு விற்றிருக்கிறது, அதற்கு எதிரே பூஜ்யம். வேறென்ன சாட்சி வேண்டும்?

ஜனவரியில் கல்லூரி மாணவி ஒருத்தி ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்க வந்தாள். பையைத் திறந்தபோது உள்ளே புதிய விதிநூல் தெரிந்தது.

"இதை எங்கேம்மா வாங்கினாய்?"

"ஆன்லைனில் வாங்கினேன் அண்ணாச்சி. முதலில் உங்களிடம்தானே கேட்டேன்? வேண்டாம், பழையதை வாங்கு என்று சொன்னீர்கள். என் தோழிகள் எல்லோரும் புதியதில் ஆடுகிறார்கள், பழையதை வைத்து நான் என்ன செய்ய?"

கோபமில்லாமல்தான் சொன்னாள். அன்று மாலை கடையைச் சாத்திவிட்டு நோட்டைப் புரட்டினேன். அவள் வந்த நாள் நினைவிருந்தது. தீபாவளிக்கு முந்திய வாரம். அந்தப் பக்கத்தில் அவள் பெயர் இல்லை. வாங்காதவர் பெயரை நான் எழுதுவதில்லையே! உட்கார்ந்து யோசித்தேன். புதியதைக் கேட்டு, என் அறிவுரையைக் கேட்டு, "பிறகு வருகிறேன்" என்று போனவர்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். மேலப்பாளையத்திலிருந்து தம்பியை அழைத்துவந்த ஒருவர், கல்லூரி விடுதிப் பையன்கள் இருவர், மகனின் பிறந்தநாளுக்கு என்று தாளில் பெயரை எழுதிக்கொண்டுவந்த ஓர் ஆசிரியை. ஒன்பது பேர் தேறினார்கள். இன்னும் மறந்துபோனவர்கள் எத்தனை பேரோ.

அந்தப் பூஜ்யத்தை எழுதியது வாடிக்கையாளர்கள் இல்லை, நான்தான். என் விருப்பம் என் கண்ணை மறைத்தது என்று மட்டும் சொன்னால் பாதி உண்மை. அது கல்லாவில் உட்கார்ந்து வியாபாரமும் செய்தது. பிடித்ததை முன்வரிசையில் அடுக்கியது, பிடிக்காததைக் கேட்டவரைத் திசைதிருப்பியது, அவர் போனதும் 'யாரும் கேட்கவில்லை' என்று நோட்டில் பதிந்தது. பிறகு அந்த நோட்டையே எனக்குச் சாட்சியாகக் காட்டியது. இப்படி ஒரு வட்டத்துக்குள் சிக்கினால் வெளியிலிருந்து யாராவது வந்து சொல்லும்வரை தெரியவே தெரியாது. அந்த மாணவி ஜியாமெட்ரி பாக்ஸை வேறு கடையில் வாங்கியிருந்தால் நான் இன்னொரு 24 பிரதிக்குப் பணம் கட்டியிருப்பேன்.

எனக்கு இன்னும் ஆறாதது என்னவென்றால், இதற்கான மருந்து என் குடும்பத்திலேயே இருந்தது. பத்தமடையில் என் சித்தப்பா பாய்க்கடை வைத்திருந்தார். பெண் மாப்பிள்ளை பெயர் போட்டு நெய்த பட்டுப்பாய் என்றால் அவருக்கு உயிர். வருகிறவர்களும் அதைத்தான் தடவிப் பார்ப்பார்கள், பாராட்டுவார்கள். பஸ் ஏறும்போது கக்கத்தில் இருப்பது சாதாரணக் கோரைப் பாயாக இருக்கும். சித்தப்பாவின் நோட்டில் இரண்டு பத்திகள் இருக்கும்: 'கேட்டது', 'கொண்டுபோனது'. ஆள் படியேறி, இன்னது வேண்டும் என்று சொன்ன உடனே முதல் பத்தியை எழுதிவிடுவார். "முதலில் எழுது, அப்புறம் வாயைத் திற. நீ பேசிய பிறகு எழுதினால் அது அவன் கேட்டது ஆகாது, நீ கேட்டது" என்பார். பள்ளி விடுமுறையில் அந்த நோட்டை எழுதியவனே நான்தான். என் சொந்தக் கடையில் அதை மறந்தேன்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். 'கேட்டது' என்று ஒரு பத்தி போடுங்கள். உங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லும் முன்பு அதை நிரப்புங்கள். உங்களிடம் இல்லாத பொருளைக் கேட்டாலும், நீங்கள் மதிக்காத பொருளைக் கேட்டாலும் எழுதுங்கள். மாதக் கடைசியில் அந்தப் பத்தியைக் கூட்டுவதற்கு முன்பு, எது முதலில் வரும் என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதி மடித்து வையுங்கள். கூட்டிய பிறகு பிரியுங்கள். உங்கள் ருசி உங்களை எவ்வளவு தூரம் இழுத்துப்போகிறது என்பதை அந்தச் சீட்டு சொல்லும். எனக்கு முதல் மூன்று மாதமும் தவறாகவே வந்தது.

எண் எந்த வாசலில் நின்று எடுத்தது என்று பார்க்காதது

2008 ஜூனில் வந்த நான்காம் பதிப்பை நான் வெறுத்தேன். அது கணினி விளையாட்டைப் போல இருக்கிறது என்று அன்று பலர் சொன்னார்கள், நானும் சொன்னேன். முந்தைய 3.5 பதிப்பின் விதிகளை உரிமத்தின் வழியே எடுத்துச் செப்பனிட்டு, பைசோ நிறுவனம் 2009 ஆகஸ்டில் பாத்ஃபைண்டர் என்ற ஆட்டத்தை வெளியிட்டது. 2011-ல் ஐசிவி2 என்ற வணிக இதழின் தரவரிசையில் பாத்ஃபைண்டர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸைத் தாண்டி முதலிடம் பிடித்தது. எனக்கு அது திருவிழா. 'நான்காம் பதிப்பு விற்கவே இல்லை' என்று அன்றுமுதல் பல ஆண்டுகள் எல்லோரிடமும் சொல்லிவந்தேன்.

அந்தத் தரவரிசை பொய் இல்லை. பாத்ஃபைண்டர் கடைகளில் நன்றாக ஓடியது உண்மை. ஆனால் அது எப்படித் தயாரானது என்று நான் அன்று பார்க்கவில்லை. கடைக்காரர்கள், மொத்த வியாபாரிகள், பதிப்பாளர்கள் ஆகியோரிடம் பேசித் தொகுத்த வரிசை அது. எது முதலில், எது இரண்டாவது என்று சொல்லும். எத்தனை பிரதி என்று சொல்லாது. முதலுக்கும் இரண்டுக்கும் நடுவே நூலிழையா, ஆற்றின் அகலமா என்பது அதிலிருந்து தெரியாது. என்னைப் போல ஒரு கடைக்காரர் அங்கேயும் நோட்டில் பூஜ்யம் எழுதியிருக்கலாம் என்ற எண்ணம் இப்போதுதான் வருகிறது.

இன்னொன்று. நான்காம் பதிப்புக்கு இணையத்தில் மாதச் சந்தா இருந்தது. பாத்திரத்தை அமைத்துத் தரும் மென்பொருளும் விதிகளின் தொகுப்பும் அதில் கிடைத்தன. அந்தச் சந்தாப் பணம் எந்தக் கடையின் கல்லாவிலும் விழவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு பெங்களூரிலிருந்து ஊருக்குத் திரும்பிய ஒரு பொறியாளர் எங்கள் மாடிக்கு வந்தார். நான் வழக்கம்போல நான்காம் பதிப்பு செத்த கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்கள் அலுவலகத்தில் பதினொரு பேர் நாலு வருடம் அதைத்தான் ஆடினோம். சந்தா கட்டினோம். எந்தக் கடைக்கும் போனதில்லை. எங்களை யார் எண்ணியிருப்பார்கள்?" என்றார். எனக்குப் பதில் இல்லை.

2024 பதிப்பிலும் இதே கதை. விதிநூலை அச்சில் புத்தகக் கடையில் வாங்கலாம், விளையாட்டுக் கடையில் வாங்கலாம், இந்த ஆட்டத்துக்கான டி அண்ட் டி பியாண்ட் இணையதளத்தில் மின்வடிவில் வாங்கலாம். அந்தத் தளத்தை, இந்த ஆட்டத்தின் இன்றைய உரிமையாளரான ஹாஸ்ப்ரோ நிறுவனம் 2022-ல் 14 கோடியே 63 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. மின்வடிவ விற்பனை சில்லறை என்றால் அவ்வளவு பணம் கொடுப்பார்களா? புத்தகக் கடைகளின் அச்சுப் பிரதிக் கணக்கை மட்டும் வைத்து 'விழுந்துவிட்டது' என்பவர், வீட்டுக்கு இருக்கும் மூன்று வாசலில் ஒன்றில் மட்டும் நின்று விருந்தினர்களை எண்ணுகிறார். பதிப்புவாரியான முழுக் கணக்கை நிறுவனம் வெளியிடுவதும் இல்லை. அந்த வெற்றிடத்தை ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த பதிலால் நிரப்பிக்கொள்கிறார்கள்.

பிடித்தவர்களும் இதில் குறைந்தவர்கள் அல்லர். புதிய விதிநூல் தங்கள் வரலாற்றிலேயே மிக வேகமாக விற்ற நூல் என்று நிறுவனம் அறிவித்தது. அதை 'மிக அதிகமாக விற்ற நூல்' என்று படித்துக் கொண்டாடினார்கள். வேகம் என்பது முதல் சில வாரங்களின் கணக்கு. 1974-ல் கையால் அடுக்கிய முதல் ஆயிரம் பெட்டிகள் விற்றுத் தீர ஏறத்தாழ ஓராண்டு ஆனது. அதன் மூன்றாம் மாதத்தில் யாராவது தீர்ப்பு எழுதியிருந்தால் இன்று இந்த ஆட்டமே இருந்திருக்காது.

அனுப்பியதை விற்றதாகக் கொள்வது

இதை வாடகைக்கடைத் தம்பிகள் கட்டாயம் படிக்க வேண்டும். இந்த ஆட்டத்தை முதலில் வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனம் புத்தகக் கடைகளுக்கான விநியோகத்தை ரேண்டம் ஹவுஸிடம் விட்டிருந்தது. சரக்கை அனுப்பினால் முன்பணம் வரும். விற்காதவற்றைக் கடைகள் திருப்பி அனுப்பலாம். கிடங்கிலிருந்து லாரி கிளம்பும்போதெல்லாம் கணக்கில் விற்பனை ஏறியது; கடை அலமாரியில் தூசி ஏறியதை யார் பார்த்தார்கள்? 1996-ல் சரக்கு பெருமளவில் திரும்பி வந்தது. அச்சகத்துக்குக் கொடுக்கக்கூடப் பணம் இல்லாமல் போய், 1997-ல் நிறுவனம், இன்று ஹாஸ்ப்ரோவின் கீழ் இருக்கும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட்டின் கைக்கு மாறியது.

ஆகவே, 'முதல் அச்சு தீர்ந்தது' என்ற செய்தியைப் படித்தால், எங்கே தீர்ந்தது என்று கேளுங்கள். அச்சகத்திலா, கிடங்கிலா, கடையிலா? மூன்றும் வேறு வேறு.

ஆயுளை வைத்து அளப்பது

மூன்றாம் பதிப்பு 2000-ல் வந்தது, 2003-லேயே 3.5 வந்துவிட்டது. மூன்றே ஆண்டுதான், ஆனாலும் அது படுத்த பதிப்பு என்று யாரும் சொல்வதில்லை. விதிநூலை ஓர் ஆள் ஒருமுறைதான் வாங்குவார். எந்தப் பதிப்பும் முதலில் ஏறும், பிறகு இறங்கும். இறக்கத்தை மட்டும் காட்டித் தீர்ப்புச் சொல்பவரிடம் ஏற்றத்தையும் கேளுங்கள்.

சிறுவர் சரக்கு என்று ஒதுக்குவது

புதிதாகக் கற்பவர்களுக்காக 1983-ல் வந்த இந்த ஆட்டத்தின் சிவப்புப் பெட்டியைத் தேர்ந்த ஆட்டக்காரர்கள் பலர் குழந்தைகளுக்கானது என்று தள்ளினார்கள். அது லட்சக்கணக்கில் விற்றது.

பழைய பிரதியின் விலையைச் சாட்சிக்கு இழுப்பது

பழைய பதிப்பின் அச்சு நின்றால் அதன் விலை ஏறும். அவ்வளவே. புதியது ஓடவில்லை என்பதற்கு அது சாட்சி ஆகாது.

பிடித்ததைக் கைவிடுவது

இது எதிர்ப்பக்கத் தவறு. விற்பனைக் கணக்கைப் பார்த்து மிரண்டு, ஆடும் ஆட்டத்தையே மாற்றிக்கொண்டவர்கள் எனக்குத் தெரிந்து இருவர். ஞாயிற்றுக்கிழமை என் மாடியில் இன்றும் 2014 பதிப்புதான். அது நல்ல ஆட்டம் என்று நினைக்கிறேன். அப்படி நினைக்க எனக்கு யாருடைய விற்பனைப் பட்டியலும் தேவையில்லை. மீதமுள்ள 17 பிரதிகளும் பரணில், பாலித்தீன் உறையோடு இருக்கின்றன. புதிதாக மாடிக்கு வருகிறவர்களுக்கு ஆடப் பழகும்வரை ஒவ்வொன்றாக இரவல் கொடுக்கிறேன்.

தம்பிகள் மூவரிடமும் அன்று இவ்வளவையும் சொல்லவில்லை. சித்தப்பாவின் இரண்டு பத்தியை மட்டும் ஒரு தாளில் வரைந்து கொடுத்தேன். பதினைந்தை நான்காகக் குறைத்து, புதியதிலும் நான்கு வாங்கினார்கள். கடை திறந்து ஏழு வாரம் ஆகிறது. போன சனிக்கிழமை நோட்டை எடுத்துவந்து காட்டினார்கள். 'கேட்டது' பத்தியில் 2024 பதிப்பு 6, 2014 பதிப்பு 4. அவற்றுக்கு மேலே, அவர்கள் பட்டியலிலேயே இல்லாத ஒன்று: மரப் பல்லாங்குழி, 13. மூத்தவன் அந்த வரியில் விரலை வைத்தபடி, "பாட்டிகள்தாம் கேட்பார்கள் என்று நினைத்தோம் அண்ணாச்சி. பாதிக்குமேல் கல்லூரிப் பெண்கள்" என்றான். வரும் புதன்கிழமை அம்பாசமுத்திரத்தில் மரச்சாமான் செய்கிற ஒருவரைப் பார்க்கப் போகிறோம். எத்தனை பலகைக்கு முன்பணம் கொடுப்பது என்பதை நோட்டைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.